தொகுதியில 60 பேர் நின்னா அது ஜனநாயகத்துக்கு நல்லதா கெட்டதா?

உங்க கேள்விய நான் புரிஞ்சிக்கிட்டது இதுதான். முதல் தடவ ஓட்டுப் போடப் போறீங்க, உங்க தொகுதியில 60 பேருக்கு மேல நிக்கிறாங்க, அப்பா "இத்தனை பேர் பயமில்லாம நிக்கிறாங்கன்னா ஜனநாயகம் நல்லா இருக்குன்னு அர்த்தம்"ங்கிறார், மாமா "ஆளாளுக்கு நிக்கிற ஊர்ல ஆட்சி நிலைக்காது"ங்கிறார், யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா அதுக்கு அடியில இருக்கற கேள்வி வேட்பாளர் எண்ணிக்கைய மட்டும் வெச்சு ஒரு நாட்டு அரசியல் எப்படி இருக்குன்னு சொல்லிட முடியுமாங்கறதுதான்னு நினைக்கறேன். எண்ணிக்கைய மட்டும் வெச்சு முடியாது. ஏன் நின்னாங்க, ஓட்டு எப்படிப் பிரிஞ்சுது, நிக்க முடியாமப் போனது யாரு, இந்த மூணையும் சேர்த்துப் பாத்தா ஓரளவு சொல்லலாம். நான் அரசு கலைக் கல்லூரியில 30 வருஷத்துக்கு மேல அரசியல் அறிவியல் நடத்தினவன், 1989லேருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் அநேகமா எல்லா எலெக்‌ஷனுக்கும் டூட்டி பாத்திருக்கேன், பாதிக்கு மேல பிரிசைடிங் ஆபீசரா, அதாவது பூத்துக்குப் பொறுப்பான அதிகாரியா. அதனால புத்தகத்துல படிச்சதும் பூத்ல பாத்ததும் கலந்துதான் வரும், வெளிநாட்டு விஷயம் எல்லாம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான்.

முதல்ல சந்தேகமே இல்லாத ஒண்ணச் சொல்லிடறேன். எத்தனை பேர் நிக்கிறாங்கங்கறத பெரும்பாலும் தீர்மானிக்கறது நிக்கறதுக்கு என்ன செலவாகும், சட்டம் என்ன கேக்குதுங்கறதுதான். 1996 நாடாளுமன்றத் தேர்தல்ல 543 தொகுதிக்கு 13,952 பேர் நின்னாங்க. ரெண்டே வருஷத்துல, 1998ல, அது 4,750 ஆயிடுச்சு. நடுவுல என்ன நடந்ததுன்னா 1996லயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தத் திருத்தி, 500 ரூபாயா இருந்த எம்.பி. டெபாசிட்ட 10,000 ஆக்கினாங்க, 250 ரூபாயா இருந்த எம்.எல்.ஏ. டெபாசிட்ட 5,000 ஆக்கினாங்க, சுயேச்சையா நிக்கணும்னா ஒருத்தர் முன்மொழிஞ்சா பத்தாது பத்து பேர் முன்மொழியணும்னாங்க, ஒருத்தர் ரெண்டு தொகுதிக்கு மேல நிக்கக் கூடாதுன்னாங்க. (இப்போ டெபாசிட் 25,000, 10,000. எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு பாதி.) கூட்டம் மூணுல ஒரு பங்கா சுருங்கிடுச்சு. ஜனநாயகம் மூணுல ஒரு பங்கா சுருங்கிச்சா? இல்ல. சரி, மாமா சொல்ற மாதிரி ஆட்சியாவது ஸ்திரமாச்சா? அதுவும் இல்ல, 4,750 பேர் நின்ன அந்த 1998 தேர்தல்ல வந்த ஆட்சி 13 மாசத்துல ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சு. அதனால ரெண்டு வேற வேற வருஷத்தோட எண்ணிக்கைய ஒப்பிடறப்ப முதல்ல டெபாசிட் என்ன, எத்தனை பேர் முன்மொழியணும்னு பாருங்க, அதப் பாக்காம ஒப்பிட்டா ஒண்ணும் கிடைக்காது.

அடுத்தது ஏன் நிக்கிறாங்கங்கறது. இதுல தமிழ்நாட்டுக்காரங்க மறக்கக் கூடாத தொகுதி ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தல்ல அந்த ஒரு தொகுதியில மட்டும் 1,033 பேர் நின்னாங்க. விவசாயிங்க, அவங்க குறைய யாரும் காது குடுத்துக் கேக்கலைன்னு நூத்துக்கணக்குல போயி மனு தாக்கல் பண்ணிட்டாங்க. 250 ரூபா டெபாசிட் காலம், அதனால முடிஞ்சுது. தேர்தல் கமிஷன் அந்தத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவ ஒரு மாசம் தள்ளி வெச்சுது, வாக்குச்சீட்டு சீட்டா இல்ல, புஸ்தகமா அச்சாச்சு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அதே விவசாயி குடும்பத்துல ஒரு பெரியம்மா, எழுதப் படிக்கத் தெரியாது, கையில முத்திரைய வெச்சுக்கிட்டு அந்தப் புஸ்தகத்தப் பக்கம் பக்கமாப் புரட்டி தன்னோட சின்னத்தத் தேடணும். கடைசியில தி.மு.க.வோட சுப்புலட்சுமி ஜெகதீசன் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, ஒரு ஓட்டு கூட வாங்காதவங்க 88 பேர், ஒரே ஒரு ஓட்டு வாங்கினவங்க 158 பேர். அந்த 88 பேர் தனக்குத்தானே கூட ஓட்டுப் போட்டுக்கல. ஏன்னா அவங்க ஜெயிக்கறதுக்கு நிக்கல, மனு குடுத்து மனு குடுத்து பதில் வராதப்ப வேட்புமனுவையே கோரிக்கை மனுவா குடுத்தாங்க. அதே வருஷம் ஆந்திராவுல நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில 480 பேர் நின்னாங்க, குடிதண்ணில ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் போன ஜனங்களோட போராட்டம் அது.

இத நான் ஆரோக்கியம்னு சொல்லுவேனா? வகுப்புல இந்தக் கேள்வி வந்தா பசங்க ரெண்டாப் பிரிஞ்சு நிப்பாங்க, நான் ரெண்டு பக்கமும் உண்மை இருக்குன்னுதான் சொல்லுவேன். கோபம் வந்த ஆயிரம் பேர் கல்ல எடுக்காம மனுவ எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போனாங்கங்கறது அந்த அமைப்பு மேல அவங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருந்ததுக்கு சாட்சி. அதே சமயம் ரெண்டு தேர்தலுக்கு நடுவுல அவங்க பேச்ச கேக்கறதுக்கு வேற எந்த வழியும் வேலை செய்யலங்கறதுக்கும் அதுவே சாட்சி. 2019ல தெலங்கானா நிஜாமாபாத்ல இதே கதை திரும்ப நடந்துச்சு, மஞ்சள் விவசாயிங்க மஞ்சளுக்கு வாரியம் வேணும், நியாயமான விலை வேணும்னு 170 பேருக்கு மேல நின்னாங்க, மொத்தம் 185 வேட்பாளர், ஒவ்வொரு பூத்லயும் 12 பேலட் யூனிட்ட (பேர், சின்னம், பட்டன் இருக்கற மெஷின்) வரிசையா வெச்சாங்க. அப்போ எம்.பி.யா இருந்த முதலமைச்சரோட மக கவிதா தோத்தாங்க. மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில நிஜாமாபாத்லயே திறந்தாச்சு. அந்த 185 பேர் நின்னதாலதான் வாரியம் வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், கோரிக்கை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, ஜெயிச்ச கட்சியும் வாக்குறுதி குடுத்திருந்துச்சு, ஆனா நாடு முழுக்க அந்தப் பேச்சு போனதுக்கு அந்த நீளமான மெஷின் வரிசை ஒரு காரணம்னு தைரியமா சொல்லலாம். இது ஏழை நாட்டுப் பிரச்சனைன்னும் நினைச்சுக்காதீங்க. கனடாவுல தேர்தல் முறையையே மாத்தணும்னு ஒரு குழு வேணும்னே வேட்பாளர்கள நிறுத்திக்கிட்டு வருது, 2025 ஆகஸ்ட்ல நடந்த ஒரு இடைத்தேர்தல்ல 214 பேர், சீட்டுல இத்தனை பேர அச்சடிக்க முடியாதுன்னு வாக்காளரையே பேர எழுதச் சொல்லிட்டாங்க. கனடாவ யாரும் ஆட்டங்கண்ட நாடுன்னு சொல்லறதில்ல.

இன்னொரு ரகம் இருக்கு, அதப் பத்திச் சொல்லும்போது எனக்கு இப்பவும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். டம்மி வேட்பாளர். பெரிய வேட்பாளரே காசு குடுத்து நிறுத்தற ஆளு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் பூத் ஏஜென்ட் வெச்சுக்கலாம், ஓட்டு எண்ற இடத்துல ஏஜென்ட் வெச்சுக்கலாம், பிரச்சார வண்டிக்கு பர்மிட் வாங்கலாம், அப்போ நாலு டம்மிய நிறுத்தினா உள்ள அஞ்சு மடங்கு ஆள் உக்காரலாம். நான் டூட்டி பாத்த பூத்கள்ல சுயேச்சையோட ஏஜென்ட்னு பாஸ் காட்டிட்டு உள்ள வந்து உக்காந்த பையன், மத்தியானம் ஒரு பெரிய கட்சி குடுத்தனுப்பின சாப்பாட்டுப் பொட்டலத்த வாங்கிச் சாப்பிட்டத எத்தனையோ தடவ பாத்திருக்கேன். தன்னோட வேட்பாளர் பேரு என்னன்னு கேட்டா பாஸ எடுத்துப் பாத்துதான் சொல்லுவான். அதவிட மோசம் ஒரே பேர்ல ஆள நிறுத்தறது. 2004ல கேரளா ஆலப்புழாவுல வி.எம். சுதீரன் 1,009 ஓட்டுல தோத்தார், அங்க வி.எஸ். சுதீரன்னு ஒருத்தர் சுயேச்சையா நின்னு 8,282 ஓட்டு வாங்கியிருந்தார். நம்ம ராமநாதபுரத்துல 2024ல ஓ. பன்னீர்செல்வம் நின்னப்ப அதே பேர், அதே இனிஷியல்ல இன்னும் நாலஞ்சு பேர் நின்னாங்க. 2015லேருந்து மெஷின்ல வேட்பாளர் போட்டோ ஒட்டறதுக்கு இந்தக் குழப்பம்தான் காரணம். இந்த மாதிரி கூட்டத்த ஜனநாயக செழிப்புன்னு சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன், இது வாக்காளர ஏமாத்தறது, அவ்வளவுதான்.

இதுல யாருக்குக் கஷ்டம்னு நான் நேர்ல பாத்தது ஒண்ணு சொல்றேன். நிறைய பேர் நின்ன ஒரு தேர்தல், நாலு பேலட் யூனிட், ஒரு மெஷினுக்கு 16 பட்டன். காலைல ஒரு பாட்டி, எழுபது எழுபத்தஞ்சு வயசிருக்கும், மறைப்புக்குள்ள போனவங்க ரொம்ப நேரமா வெளிய வரல. பீப் சத்தமும் வரல. அப்புறம் தலைய மட்டும் வெளிய நீட்டி "சாமி, என் சின்னத்தக் காணலியே"ன்னாங்க. எனக்கு உள்ள போய் காட்ட அனுமதி கிடையாது, எந்த சின்னம்னு கேக்கவும் கூடாது. வெளியில கூப்பிட்டு அட்டையில செஞ்ச மாதிரி மெஷின வெச்சு "பாட்டி, இதே மாதிரி நாலு இருக்கு, இடது பக்கத்துலேருந்து ஒண்ணொண்ணா மேலேருந்து கீழ பாத்துக்கிட்டே வாங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். வெளிய வரிசையில சத்தம் போடறாங்க. பீப் கேட்டுச்சு, பாட்டி சிரிச்சுக்கிட்டே போனாங்க, ஆனா அவங்க தேடின பட்டனத்தான் அமுக்கினாங்களா, இல்ல சலிச்சுப் போயி ஏதோ ஒண்ண அமுக்கினாங்களான்னு எனக்கு அன்னிக்கு சாயங்காலம் மெஷின சீல் வைக்கற வரைக்கும் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இப்போ ரெண்டாவது விஷயம், ஓட்டு எப்படிப் பிரியுது. பேர் எத்தனைங்கறதும் போட்டி எத்தனை பேருக்குள்ளங்கறதும் வேற. இதுக்கு 1979ல லாக்சோ, டாகபெரான்னு ரெண்டு அறிஞர்கள் ஒரு சுலபமான கணக்கு சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் வாங்கின பங்க அதாலேயே பெருக்கணும், எல்லாத்தையும் கூட்டணும், 1ஐ அந்தக் கூட்டுத்தொகையால வகுக்கணும். வர்ற விடைதான் உண்மையா களத்துல இருக்கற போட்டியாளர் எண்ணிக்கை. உதாரணமா 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். 59 பேர் நின்னாங்க. டி.டி.வி. தினகரன் கிட்டத்தட்ட 50 சதவீதம், அ.தி.மு.க. 27, தி.மு.க. 14, மத்தவங்க எல்லாம் சில்லறை. 0.50ஐ 0.50ஆல பெருக்கினா 0.25, 0.27க்கு 0.073, 0.14க்கு 0.02, கூட்டி வகுத்தா 2.9 வரும். 59 பேர் நின்ன இடத்துல உண்மைப் போட்டி மூணு பேருக்குக் கூட முழுசா இல்ல. ரெண்டு பேரத் தவிர 57 பேருக்கும் டெபாசிட் போச்சு, ஏன்னா ஆறுல ஒரு பங்கு ஓட்டு வாங்கினாத்தான் டெபாசிட் திரும்பும். இன்னொண்ணும் கவனிங்க, ஜெயிச்சவரு குக்கர் சின்னத்துல நின்ன சுயேச்சை. சுயேச்சை எல்லாமே குப்பைன்னு டெபாசிட்ட தாறுமாறா ஏத்தணும்ங்கறவங்க இத ஞாபகம் வெச்சுக்கணும். அந்தத் தொகுதிக்கு உண்மையான நோய் வேற, அதே வருஷம் ஏப்ரல்ல நடக்க இருந்த தேர்தல ஓட்டுக்குப் பணம் குடுத்தாங்கன்னு கமிஷன் ரத்து பண்ணிச்சு, அதுக்கும் அந்த ஏப்ரல் தேர்தல்ல 62 பேர் நின்னதுக்கும் சம்பந்தமே இல்ல.

இத பிரான்ஸ் 2002 அதிபர் தேர்தலோட வெச்சுப் பாருங்க. அங்க 16 பேர்தான். ஆனா முதல் சுற்றுல சிராக் 19.88 சதவீதம், தீவிர வலதுசாரி லெ பென் 16.86, பிரதமரா இருந்த ஜோஸ்பன் 16.18, மிச்சம் எல்லாம் 7க்குக் கீழ சிதறிப் போச்சு. அதே கணக்கப் போட்டா எட்டு தாண்டுது. அதாவது 59 பேர் நின்ன ஆர்.கே. நகர விட 16 பேர் நின்ன பிரான்ஸ் மூணு மடங்கு சிதறியிருந்துச்சு. விளைவும் அப்படித்தான் ஆச்சு, இடதுசாரிப் பக்கம் ஆளாளுக்கு நின்னதுல ஜோஸ்பன் ரெண்டு லட்சத்துக்கும் குறைவான ஓட்டுல மூணாவது இடத்துக்குப் போயிட்டார், தோபிராங்கற ஒரு இடதுசாரி வேட்பாளர் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல வாங்கியிருந்தாங்க. ரெண்டாவது சுற்றுல தீவிர வலதுசாரிய நிறுத்தறதுக்காக இடதுசாரிங்களே போயி சிராக்குக்குக் குத்தினாங்க, அவருக்கு 82 சதவீதம். உங்க மாமா பயப்படறதுக்கு நல்ல உதாரணம் வேணும்னா இதுதான், ஆனா இங்கயும் கோளாறு சிதறல்ல இருந்துச்சு, 16ங்கற நம்பர்ல இல்ல. ரெண்டு சுற்று இருந்ததால நாடும் தப்பிச்சுது.

இலங்கையப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும். 1982ல முதல் ஜனாதிபதித் தேர்தல்ல 6 பேர் நின்னாங்க, 2019ல 35 பேர், 2024ல 38 பேர் (மனு ஏத்துக்கிட்டது 39, ஒருத்தர் தேர்தலுக்கு முன்னாடி இறந்துட்டார்). 35லேருந்து 38, பாத்தா ஒண்ணும் பெருசா மாறலையேன்னு தோணும். ஆனா நடுவுல 2022ல பொருளாதாரமே விழுந்து, ஜனங்க தெருவுக்கு வந்து, ஜனாதிபதி நாட்ட விட்டே போனார். அந்த மாற்றம் பேர் எண்ணிக்கையில தெரியல, ஓட்டுல தெரிஞ்சுது. 2019ல கோட்டாபய 52, சஜித் 42, கணக்குப் போட்டா 2.2. 2024ல அனுர குமார 42, சஜித் 33, ரணில் 17, கணக்கு 3க்கு மேல போச்சு, யாரும் 50ஐத் தாண்டாததால அந்த நாட்டு வரலாற்றுலயே முதல் தடவையா ரெண்டாவது விருப்பு வாக்க (வாக்காளர் அடுத்தபடியா யாரக் குறிச்சிருந்தாங்களோ அத) எண்ணினாங்க. எண்ணி முடிச்சு, அமைதியா ஆட்சி கை மாறிச்சு. அந்த 38 பேர்லயும் டம்மிங்க நிறைய இருந்தாங்கன்னு அங்க பரவலாவே பேசிக்கிட்டாங்க. அதே பட்டியல்லதான் தமிழ்ப் பொது வேட்பாளரா அரியநேத்திரனும் நின்னு ரெண்டு லட்சத்து இருபத்தாறாயிரம் ஓட்டு வாங்கினார். ஜெயிக்க மாட்டார்னு தெரிஞ்சே போட்ட ஓட்டு அது, எங்க பேச்சயும் பதிவு பண்ணிக்கங்கன்னு சொன்ன ஓட்டு, அத டம்மிங்களோட ஒரே மூட்டையில கட்டறது அநியாயம்.

இனி சந்தேகமான பகுதி. நிறைய வேட்பாளர் வந்தா ஆட்சி ஆட்டங்காணுமான்னு கேட்டா பெரு நாட்ட காட்டுவாங்க. 2021ல 18 பேர் நின்னாங்க, முதல் இடம் வந்த காஸ்தியோவுக்கே 19 சதவீதம்தான், ரெண்டாவது சுற்றுல நூலிழையில ஜெயிச்சார், 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்தக் கலைக்கப் பாத்து பதவி போச்சு. 2016லேருந்து 2022க்குள்ள அந்த நாட்டுல ஆறு பேர் அதிபரா இருந்துட்டாங்க. ஆனா இதுல எது காரணம் எது விளைவுங்கறதுல அறிஞர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. என் கருத்து என்னன்னா, அங்க கட்சின்னு உருப்படியா ஒண்ணு இல்லாமப் போனதுதான் வேர், அதுலேருந்துதான் ரெண்டும் வருது, நிறைய வேட்பாளரும் வருது, நிலையில்லாத ஆட்சியும் வருது. காய்ச்சல் வந்தா உடம்பும் சுடும் தலையும் வலிக்கும், அதுக்காக தலைவலியாலதான் உடம்பு சுடுதுன்னு சொல்ல மாட்டோம் இல்லியா. நம்மூர் மாதிரி அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிக்கற முறையில, ஜனங்க ஓட்டு வீணாப் போக வேணாம்னு தானாவே ரெண்டு மூணு பெரிய ஆளுங்க பக்கம் ஒதுங்கிடுவாங்கன்னு டூவர்ஜேங்கற பிரெஞ்சு அறிஞர் சொன்னது பெரும்பாலும் நடக்குது, எப்பவும் நடக்கும்னு இல்ல, ஆர்.கே. நகர் கணக்கு அதுக்குப் பொருந்துது.

எனக்கு இதுல முக்கியமாப் படறது இந்தக் கேள்வியோட மறுபக்கம். ஆள் நிறைய நிக்கறதப் பாத்து கவலப்படறோம், ஆள் நிக்காததப் பாத்து யாரும் கேள்வி கேக்கறதில்ல. 2024ல சூரத் தொகுதியில காங்கிரஸ் வேட்பாளர் மனு தள்ளுபடி ஆச்சு, மத்தவங்க எல்லாம் வாபஸ் வாங்கிட்டாங்க, அங்க ஒருத்தர் கூட ஓட்டுப் போடாம எம்.பி. வந்துட்டார். கிராமங்கள்ல ஊராட்சித் தலைவர் பதவிய கோயில் முன்னாடி ஏலம் விட்டு போட்டியில்லாம தேர்ந்தெடுத்தோம்னு பெருமையாச் சொல்லறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மொடக்குறிச்சியில 1,033 பேர் நின்ன அதே 1996ல, மதுரை மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துல கொட்டக்கச்சியேந்தல், இந்த நாலு ஊராட்சியிலயும் தலைவர் பதவிய பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினாங்க. அங்க ஆதிக்க சாதியோட மிரட்டல்ல மனு தாக்கல் பண்ண ஆள் வரல, அப்படியே யாராச்சும் நின்னு ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா பண்ண வெச்சாங்க. பத்து வருஷம் இதே கதை. மேலவளவுல துணிஞ்சு நின்னு தலைவரான முருகேசன 1997 ஜூன் மாசம் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க, கூட இருந்தவங்களையும் சேர்த்து. கடைசியா 2006லதான் அந்த நாலு ஊர்லயும் ஒழுங்கா தேர்தல் நடந்துச்சு. வேட்பாளர் பட்டியல் எவ்வளவு சின்னதா இருந்துச்சு, எவ்வளவு அமைதியா இருந்துச்சு பாருங்க, அந்த அமைதிதான் நோய். அதனால டெபாசிட்ட லட்சக்கணக்குல ஏத்தி கூட்டத்தக் குறைங்கன்னு யாராச்சும் சொல்லும்போது எனக்கு டம்மிங்க ஞாபகம் வர்றதுக்கு முன்னாடி பாப்பாபட்டிதான் ஞாபகம் வரும். டம்மிக்கு பெரிய வேட்பாளர் டெபாசிட் கட்டிடுவார், உண்மையிலயே நிக்கணும்னு நினைக்கற கூலிக்காரருக்கு யார் கட்டுவா?

உங்க தொகுதிக்கு வாங்க. அப்பா சொல்றதும் மாமா சொல்றதும் இப்பவே சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு வேலை செய்யுங்க. பட்டியல்ல ஒரே மாதிரி பேர் இருக்கான்னு பாருங்க, வேட்பாளர்களோட பிரமாணப் பத்திரம் எல்லாம் தேர்தல் கமிஷன் வெப்சைட்லயே இருக்கு, சுயேச்சைங்கள்ல பத்து பேரோடதையாவது திறந்து பாருங்க, என்ன வேலை, எந்த ஊரு, ஒரே கோரிக்கைக்காக நிக்கிறவங்க மாதிரி தெரியுதா, யாரோட ஆளு மாதிரி தெரியுதான்னு ஓரளவு புரியும். வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்க போட நினைக்கற சின்னம் எத்தனாவது மெஷின்ல எத்தனாவது வரிசையில வருதுன்னு முன்கூட்டியே சொல்லிக் குடுங்க, கட்சி வேட்பாளருங்க முதல்லயும் சுயேச்சைங்க கடைசியிலயும் வருவாங்க. ரிசல்ட் வந்ததும் முதல் நாலு பேரோட சதவீதத்த எடுத்து நான் சொன்ன கணக்கப் போடுங்க, போன தேர்தலுக்கும் போடுங்க, ரெண்டு விடையையும் இங்க எழுதுங்க. அத வெச்சு உங்க தொகுதியில என்ன மாறியிருக்குன்னு மேல பேசலாம்.